மண்ணெண்ணெய் வாசமும் சீரகச் சம்பாவும்

கேஸ் அடுப்பின் குமிழை யார் சரியாக மூடவில்லை என்பது எங்கள் வீட்டில் இன்றுவரை தீராத வழக்கு. நான் மூடியதாகத்தான் சாதிப்பேன். அன்று காலை பூ மார்க்கெட் வரை போய்விட்டுத் திரும்பி வந்து கதவைத் திறந்தேன். குப்பென்று கேஸ் முகத்தில் அடித்தது. என் வீட்டுக்காரர் சமையலறை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஸ்டூலில் லைட்டர் இருந்தது.

"வந்துட்டியா? டீ போடலாம்னு எந்திரிச்சேன். சரி, நீயும் வந்துரட்டும்னு உக்காந்துட்டேன்" என்றார்.

சிலிண்டரை மூடினேன். சன்னல்களைத் திறந்தேன். அவர் கையைப் பிடித்து மொட்டைமாடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். அங்கே போனபிறகுதான் எனக்குப் பயமே வந்தது. எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"மூக்க எங்கயாச்சும் கழட்டி வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்று கத்தினேன்.

அவர் மலைக்கோட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஆமா. கழண்டு போச்சு. நாலு மாசமாச்சு."

அவர் பன்னிரண்டு வருஷம் பயணிகள் கப்பலில் வேலை பார்த்தவர். சாப்பாட்டு மேசைக்குப் போய், என்ன சாப்பிடப் போகிறார்கள் என்று கேட்டு, அதற்கு எந்த ஒயின் பொருந்தும் என்று சொல்கிற வேலை. ஊரில் யாராவது கேட்டால் 'கப்பல்ல ஓட்டல் வேலை' என்பதோடு நிறுத்திக்கொள்வோம். ஒயின் என்ற சொல்லைச் சொன்னாலே எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பச்சைத் துணி கட்டிய பாரும் ஓரமாக விழுந்து கிடக்கும் மனிதர்களும்தான் ஞாபகத்துக்கு வரும். கப்பலில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, வாசனை திரும்பவில்லை. பாக்கி இருந்த பத்து நாளை அங்கே எப்படியோ சமாளித்துவிட்டு, 'போதும், இனிமே ஊரோட இருந்துக்கிறேன்' என்று வந்து இறங்கினார். நான் என்னவோ என் மேலும் மகள் மேலும் இருக்கிற பாசத்தில்தான் வந்துவிட்டார் என்று பூரித்துப் போயிருந்தேன்.

கேஸ் கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. நாலு மாதமாகத் தினமும் நான் குழம்பை ஊற்றிவிட்டு "மணக்குதா?" என்று கேட்பேன். அவரும் "அடேயப்பா, தெரு முழுக்க மணக்குது" என்பார். அதை நினைத்தபோதுதான் வயிறு எரிந்தது. நான் காசுக்குச் சமைக்கிறவள். விசேஷ வீடுகளுக்கு ஆர்டர் பிரியாணி போடுகிறேன். என் கைமணத்தை வைத்து எனக்கே ஒருவர் நாலு மாதம் நாடகம் போட்டிருக்கிறார்.

அன்று அவரோடு பேசவில்லை. மறுநாள் அவரே இன்னொன்றையும் சொன்னார். அதுதான் மெய்யான இடி.

சிறுமலை அடிவாரத்தில் வெங்காய மண்டி முதலாளி ஒருவர் ரிசார்ட் கட்டிக்கொண்டிருந்தார். வருஷக்கணக்காக எனக்குச் சின்ன வெங்காயம் போடுகிறவர். கொடைக்கானல் போகிற வெளியூர்க்காரர்களை வழியிலேயே நிறுத்தி, நம்ம ஊர்ச் சாப்பாட்டை ஒயினோடு பரிமாற வேண்டும் என்பது அவர் கனவு. லைசென்ஸ் வாங்கியாகிவிட்டது. எந்தக் கறிக்கு எந்த ஒயின் என்று சொல்ல ஆள் வேண்டும். என் வீட்டுக்காரர் போய்ப் பேசி, தான் செய்வதாக ஒப்புக்கொண்டு வந்திருந்தார். மூன்று வாரத்தில் ஒரு சோதனைச் சாப்பாடு. முதலாளியும் இரண்டு பங்குதாரர்களும் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்ப்பார்கள். பிடித்தால் வேலை. அன்றைய சமையல் ஆர்டர் எனக்கு.

"மூக்கே இல்லாம எப்படிங்க ஒத்துக்கிட்டீங்க?"

"இது இல்லன்னா மறுபடி கப்பல்தான். ஏஜெண்டு மாசக் கடைசிக்குள்ள பதில் கேக்குறான். அங்க போனாலும் மூக்கு இல்லாமத்தான் போகணும். எங்க பொய் சொல்றதுன்னு மட்டுந்தான் நான் பாக்கணும்."

மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அவள் ஒன்றாம் வகுப்பு சேர்ந்ததும் கப்பல் ஏறியவர், முதல் முறையாக அவளைப் பள்ளிக்கூடத்துக்கு வண்டியில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார். அவரை மறுபடி அனுப்புவது என்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதற்காகத்தான் அந்தக் கூத்துக்கு நான் சம்மதித்தேன். வேறு காரணம் இல்லை.

முதலாளி எங்கள் வீட்டுக்கு ஒரு அட்டைப்பெட்டி அனுப்பினார். பத்து பாட்டில்கள். அதிலிருந்து நாலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெட்டியைப் பழைய புடவையால் மூடி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். மகள் பள்ளிக்குப் போனதும் வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு எடுப்போம். கீழ்வீட்டு அக்காவுக்கு எந்தப் பாத்திரம் எந்தச் சத்தத்தில் விழுகிறது என்பது வரை தெரியும் என்பதால் பாட்டில் திறப்பதைக் கூட மெதுவாகத்தான் செய்வோம்.

ஒரு சொட்டுக்கூட என் நாக்கில் படாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மோந்து மட்டும் பார்ப்பேன்.

"அது போதும். நாக்கு என்கிட்ட இருக்கு" என்றார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. வாசனைதான் போயிருந்தது. இனிப்பு, புளிப்பு, கசப்பு, துவர்ப்பு எல்லாம் அவர் நாக்குக்கு நன்றாகவே தெரிந்தது. வாயில் வைத்ததும் 'புளிப்பு தூக்கலா இருக்கு', 'துவர்ப்பு ஈறப் பிடிக்குது' என்று சொல்லிவிடுவார். ஆனால் அது நாவல்பழமா எலுமிச்சையா என்று கேட்டால் விழிப்பார். அந்த இடத்தை நான் நிரப்ப வேண்டும்.

முதல் நாள் நான் சொன்னதை எல்லாம் இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. கிளாஸை மூக்கருகே கொண்டுபோய், "சாராய நாத்தம்" என்றேன். அடுத்ததற்கும் அதையே சொன்னேன். மூன்றாவதற்கும் அதுதான். அவர் பொறுமையாக, "மார்க்கெட்ல கொத்தமல்லி வாங்குறப்ப எப்படி மோந்து பாப்ப? அப்படிப் பாரு. செத்த நேரம் விட்டுட்டு மறுபடி பாரு" என்றார். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் என் முழங்கை மடிப்பையே மோந்துகொள்ளச் சொன்னார். தன் தோல் வாசனை பட்டால் மூக்கு பழைய நிலைக்கு வந்துவிடுமாம். அது உண்மைதான். இன்றைக்கும் ரெண்டு குழம்புக்கு நடுவில் நான் அப்படித்தான் செய்கிறேன்.

நாலைந்து நாளில் வாய் திறந்துகொண்டது. பச்சை மாங்காய்த் தோல். மழை விழுந்த புழுதி. பழுத்துக் கீழே விழுந்த கொய்யா. பாகு காய்ச்சும்போது கருகப் போகிற கடைசி நொடி. நான் சொல்லச் சொல்ல அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எழுதிக்கொண்டார். சில நேரம் எழுதாமல் சும்மாவே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு பாட்டிலைத் திறந்ததும் நான் தூரத் தள்ளினேன். "ச்சீ, மண்ணெண்ணெய் நாத்தம். லாரியில வரும்போது எதையோ கொட்டிட்டாய்ங்க."

அவர் துள்ளி எழுந்தார். "நல்லா மோந்து பாத்தியா? மண்ணெண்ணெயேதானா? பின்னால எலுமிச்சம்பழம் மாதிரி ஏதாச்சும் வருதா?"

வந்தது. எலுமிச்சையும், கொஞ்சம் தேனும்.

"ரீஸ்லிங்னு ஒரு வெள்ளைத் திராட்சை. அதுக்கு அப்படித்தான் இருக்கும். நல்ல சாமான்னு அர்த்தம்." வாயில் வைத்துப் பார்த்து, "லேசா இனிப்பு, நல்ல புளிப்பு. துவர்ப்பே இல்ல. உன் பிரியாணிக்கு இத எடுத்து வைடி" என்றார்.

மண்ணெண்ணெய் அடிக்கிற ஒன்றை என் பிரியாணிக்குப் பக்கத்தில் வைப்பதா? நான் சண்டைக்குப் போனேன். பெட்டியிலேயே விலை உயர்ந்தது ஒரு கருஞ்சிவப்பு பாட்டில். மசாலாவுக்கு அதுதான் எடுப்பாக இருக்கும் என்று எனக்குப் பட்டது. அவர் வாதாடவில்லை. "சரி, சமைச்சுப் பாத்துருவோம்" என்று மட்டும் சொன்னார்.

அரைப்படி அரிசிக்குப் பிரியாணி போட்டேன். சீரகச் சம்பா, இளங்குட்டிக் கறி, எங்கள் ஊர் வழக்கப்படி மிளகும் தயிரும் எலுமிச்சையும் தூக்கலாக. அவர் ஒரு வாய் பிரியாணி சாப்பிட்டு அந்தச் சிவப்பைக் குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்து இருமினார். "துவர்ப்பும் மிளகும் சேந்து பத்தி எரியுது. நீ அத மோந்துட்டு அப்படியே சோத்த மோந்து பாரு."

மோந்தேன். என் பிரியாணியைக் காணவில்லை. மரப்பெட்டி வாசனையும் புகையும்தான் மூக்கு முழுக்க இருந்தது. தம் பிரிக்கும்போது எழும்புகிற அந்த அரிசி மணம், இருபது வருஷமாக நான் பேர் வாங்கிய அந்த மணம், எங்கே போனது என்றே தெரியவில்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு மண்ணெண்ணெய்க்காரியை மோந்து சோற்றுக்குத் திரும்பினேன். அரிசி இருந்தது. புதினா இருந்தது. எலுமிச்சை முன்பைவிடத் துலக்கமாக இருந்தது.

"அவ்வளவுதான் என் தொழிலே. சாப்பாட்ட அமுக்கக் கூடாது. கூடவே வரணும். நான் இருக்கேன்னு காட்டிக்கணும், ஆனா முன்னால போய் நிக்கக் கூடாது" என்றார்.

"பொண்டாட்டிக்குச் சொல்ற புத்திமதி மாதிரி இருக்கே."

"புருஷனுக்குந்தான்" என்றார்.

இப்படியாக நாலும் முடிவாயின. காடை வறுவலுக்கு நுரை பொங்குகிற வெள்ளை ஒயின், எண்ணெய்ப் பிசுக்கை வாயிலிருந்து கழுவிவிடும். நாட்டுக்கோழி மிளகு வறுவலுக்கு வெளிர் ரோஸ் நிறத்தில் ஒன்று. மட்டன் சுக்காவுக்குத் துவர்ப்புக் குறைந்த மெல்லிய சிவப்பு, அதையும் கொஞ்சம் குளிரவைத்து. பிரியாணிக்கு மண்ணெண்ணெய். அன்றைய நாளுக்கு ஒரு சமிக்ஞையும் பேசிவைத்தோம். பாட்டில் திறந்ததும் பரிமாறும் மேசை ஓரத்தில் என் பக்கம் ஒரு கிளாஸில் கொஞ்சம் ஊற்றுவார். தட்டு எடுக்கிற சாக்கில் நான் குனிந்து மோந்துகொள்வேன். சரியாக இருந்தால் மூக்குத்தியைத் தொடுவேன். கெட்டிருந்தால் முந்தானையை இடுப்பில் செருகுவேன். அதன்பிறகு அவர் கிளாஸை எடுத்து, மோப்பம் பிடிப்பது போல் செய்து, சொல்ல வேண்டியதைச் சொல்வார். கண்ணாடி முன் நின்று பழகிக்கூடப் பார்த்தார்.

சோதனைச் சாப்பாடு நடந்த ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே ரிசார்ட்டுக்குப் போய் அடுப்பு மூட்டினேன். பாதிச் சுவருக்குப் புது பெயிண்ட் அடித்திருந்தார்கள், அந்த வாசனை ஒருபக்கம். வெங்காயம் வதக்கி வதக்கி என் மூக்கு மரத்துப்போயிருக்குமோ என்று வேறு பயம். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் முழங்கை மடிப்பை மோந்தேன். பார்க்கிறவர்கள் எனக்கு ஏதோ வியாதி என்று நினைத்திருப்பார்கள்.

மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள். முதலாளி. அவருடைய அக்கா வீட்டுக்காரர், எரியோடு பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பெரியவர். மூன்றாவது ஆள் ஆடிட்டர். அதிகம் பேசாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பவர். எனக்கு அவரைப் பார்த்ததும் பிடிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் கப்பல் முறைப்படி எல்லாம் அழகாக வைத்திருந்தார். வாழை இலை, அதன் வலது பக்கம் மெல்லிய கிளாஸ். முதல் பாட்டிலைத் திறந்தார். நான் மூக்குத்தியைத் தொட்டேன். அவர் மோப்பம் பிடித்து, இரண்டு வார்த்தை சொல்லி ஊற்றினார். அப்போது அந்தப் பெரியவர் கிளாஸை விரலால் தள்ளி வைத்தார்.

"இல போட்டாச்சுல்ல மாப்ள? பெறகென்ன கிளாஸு?"

முதலாளியும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. எங்கள் பக்கத்தில் குடிக்கிற ஆம்பிளை எவனும் இலைக்கு முன்னால் உட்கார்ந்து குடிக்க மாட்டான். சைட் டிஷ்ஷைக் கொறித்துக்கொண்டு குடித்து முடித்து, வாய் கொப்பளித்து, பிறகுதான் இலையில் உட்காருவான். சோறு விழுந்த இடத்தில் கிளாஸைத் தொடுவது சோற்றுக்கு மரியாதைக் குறைவு. பன்னிரண்டு வருஷம் வெள்ளைக்காரனுக்குப் பரிமாறியவர் இதை மறந்துபோனார். தினமும் இலை போடுகிற எனக்குமா ஞாபகம் வராமல் போனது?

ஆடிட்டர் மட்டும் கிளாஸை எடுத்து, மருந்து குடிப்பது போல ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "இனிமே சாப்பிடலாமா?" என்று கேட்டார். முதலாளி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நான் கப்பலைப் பார்த்தேன்.

யோசிக்க நேரம் இல்லை. போய் மூன்று இலைகளையும் உருவினேன். "கிழிஞ்ச இலையா வந்திருச்சு மாமா. வேற இலை நறுக்கச் சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் சைட் டிஷ் சாப்பிடுங்க." காடையைச் சின்னத் தட்டுகளில் வைத்தேன். பெரியவரின் முகம் தெளிந்தது. கிளாஸ் அவர் கைக்குத் தானாகவே போனது. அந்த வேற இலையை நான் கடைசிவரை கொண்டுவரவே இல்லை. கோழி, சுக்கா எல்லாமே சின்னத் தட்டில்தான் போயின. ஒரு வாய் கறி, ஒரு வாய் ஒயின் என்று என் வீட்டுக்காரர் சொன்னபடி அவர்களும் சாப்பிட ஆரம்பித்தார்கள். சுக்காவோடு அந்தச் சிவப்பைக் குடித்த பெரியவர், "காரம் ஏற மாட்டேங்குதே, மட்டா நிக்குது" என்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

பிரியாணி வருகிற நேரம். கிண்ணங்களில் எடுத்து வைத்தேன். முதலாளி கையை உயர்த்தினார்.

"தம்பி, பிரியாணிக்கு உங்க பாட்டில் வேணாம். என்கிட்ட ஒண்ணு இருக்கு. சம்பந்தி வெளிநாட்டுல இருந்து கொண்டாந்து கொடுத்தது. இந்த நாளுக்குன்னே வச்சிருந்தேன்."

துணிப்பையிலிருந்து குழந்தையைத் தூக்குவது போல எடுத்தார். பேசிவைக்காத பாட்டில். என் வீட்டுக்காரர் தக்கையைக் கழற்றி, என் பக்கமாகக் கொஞ்சம் ஊற்றினார். பார்வைக்கு நல்ல மாணிக்கச் சிவப்பு. நான் கரண்டியை எடுக்கிற சாக்கில் குனிந்தேன்.

பழ வாசமே இல்லை. ஈரச் சாக்கு. மழையில் நனைந்து, காயாமல் மூலையில் கிடந்து பூஞ்சை பிடித்த சாக்கு. முழங்கையை மோந்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதே சாக்கு.

என் கை முந்தானைக்குப் போக மறுத்தது. சம்பந்தி கொடுத்த பாட்டில். கெட்டது என்று சொன்னால் முதலாளி முகம் என்ன ஆகும்? சொல்லாமல் விட்டு அவர்கள் குடித்துப் பார்த்தால் என் வீட்டுக்காரர் பேர் என்ன ஆகும்? பேசாமல் மூக்குத்தியைத் தொட்டுவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தது நிஜம். இவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது? ஆனால் அந்தச் சாக்கு என் பிரியாணிக்குப் பக்கத்தில் போய் உட்காரும். நாலு மாதம் என் வீட்டுக்காரர் எனக்குச் சொன்ன பொய்யை நான் அவருக்கே திருப்பிச் சொன்னதாகவும் ஆகும். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினேன்.

கிளாஸை எடுத்து மோப்பம் பிடிப்பது போல் செய்துவிட்டு மெதுவாகச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கிளாஸைத் தொடவே இல்லை.

"மொதலாளி, இது வேணாம். கெட்டுப் போயிருக்கு."

முதலாளியின் முகம் கறுத்தது. அதைவிட மோசமாக, ஆடிட்டர் கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்தார். "நீங்க இன்னும் மோந்தே பாக்கலையே, சார்" என்றார்.

என் வீட்டுக்காரர் மேசையில் இருந்த கிளாஸைப் பார்த்தார். என்ன செய்தோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது போல இருந்தது. ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன். நிறத்தைப் பார்த்தேன், தக்கையைப் பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் யார் மறுக்கப் போகிறார்கள்?

"எனக்கு வாசன தெரியாது சார். காச்சல்ல போச்சு. இன்னைக்கு ஊத்தின எல்லாத்தையும் மோந்தது இவதான். கறிக்கு ஏத்தத நான் நாக்குல பாத்தேன், வாசன இவ சொன்னா. மறைச்சது தப்புத்தான்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஒயினப் பத்தி உனக்கு என்ன தெரியும்? என் சம்பந்தி கொண்டாந்தத கெட்டதுங்கிற?"

எனக்குக் கோபம் சட்டென்று வரும் என்று சொன்னேன் இல்லையா? வந்துவிட்டது.

"ஒயினப் பத்தி ஒண்ணும் தெரியாதுண்ணே. சாக்கு வாசம் தெரியும். ஐப்பசி மழையில உங்க மண்டியில பின்கட்டுல நனஞ்ச சாக்கக் குமிச்சு வச்சிருப்பீங்கள்ல? அந்த வாசம். மோந்து பாருங்க."

அவர் கிளாஸை எடுத்தார். முப்பது வருஷமாக வெங்காய மூட்டையை மோந்தே உள்ளே அழுகல் இருக்கிறதா என்று சொல்கிற மூக்கு அது. ஒருமுறை மோந்தார். நிறுத்தினார். மறுபடி மோந்தார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டிலின் தக்கையை எடுத்து மோந்தார். பாட்டிலைத் துணிப்பையில் போட்டார்.

"பிரியாணிக்கு நீங்க வச்சிருந்தது எது?" என்று கேட்டார்.

"மண்ணெண்ணெய் மணக்கும். பயந்துராதீங்க" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஊற்றினார், அவர்கள் சாப்பிட்டார்கள். பெரியவர் இரண்டாம் முறை கிளாஸை நீட்டினார், கிண்ணத்தையும் நீட்டினார். ஆனால் முதலாளி தலை நிமிரவே இல்லை. கை கழுவிவிட்டு, "போன்ல சொல்றேன்" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார். இந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு நான் பொரிந்து தள்ளினேன். "ஒரே ஒரு தடவ மூக்குக்கிட்ட கொண்டு போயிருக்கக் கூடாதா? இம்புட்டு நாள் கண்ணாடி முன்னாடி பழகுனது எதுக்கு?"

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். திரும்பாமலே சொன்னார். "நீ முந்தானையச் செருகினதப் பாத்ததும் எனக்கே மணந்த மாதிரி இருந்துச்சு. அதுக்கு மேல எதுக்கு மோந்து பாக்கணும்னு விட்டுட்டேன்."

நான் அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். வத்தலக்குண்டு ரோட்டில் போகிற லாரிக்காரன் எல்லாம் பார்த்துக்கொண்டு போனான்.

இரண்டு நாள் போன் வரவில்லை. மூன்றாம் நாள் காலை அவர் பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். மாதம் முடிய நாலு நாள் இருந்தது. மகள் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போலப் பையை எடுத்துக்கொண்டு போனாள். நான் மீன் கழுவப் போய்விட்டேன்.

பதினோரு மணிக்கு என் போன் அடித்தது. வெங்காய ஆர்டர் எடுக்கிற மண்டி நம்பர்.

"ஏம்மா, அந்தாள நாளைக்கு வரச் சொல்லு. புது பாட்டில் எது வந்தாலும் நீயும் வந்து மோந்து பாத்துட்டுப் போகணும், அதுக்குத் தனியாப் பேசிக்குவோம். ஒண்ணு மட்டும் சொல்லிரு. வர்ற விருந்தாளிக்கு முன்னாடி மோந்து பாக்குற மாதிரி நடிக்கக் கூடாது. எங்க மண்டியில அழுகல மறச்சு எவனும் நின்னதில்ல."

"சரிண்ணே" என்றேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பாஸ்போர்ட்டை எடுத்து பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் சோறு போட்டு மீன் குழம்பை ஊற்றினேன். பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"மணக்குதா?"

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். "இல்ல" என்றார். "புளி சரியா இருக்கு. உப்பு ஒரு கல்லு கூட. காரம் நல்லா இருக்கு. மணம் தெரியல. எப்படி மணக்குதுன்னு நீ சொல்லு."

நாலு மாதத்துக்கும் மேலாகத் தினமும் அவர் சொன்ன எந்தப் பாராட்டும் இந்த 'இல்ல'வுக்கு ஈடாகாது. நான் தட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முழங்கை மடிப்பை ஒருமுறை மோந்துவிட்டு, குழம்பின் பக்கம் குனிந்தேன். வெந்தயத்திலிருந்து ஆரம்பித்தேன்.